ஏசிக்கு இஎம்ஐ இருக்கு, பூஞ்சைக்கு பட்ஜெட் இருக்கா?



2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசி மேல இருந்த ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமா இறங்கினது எல்லாருக்கும் தெரியும். அன்னையிலிருந்து "இப்ப ஏசி வாங்கலாமா, நோ காஸ்ட் இஎம்ஐ நிஜமாவே நோ காஸ்ட்டா"ன்னு நிறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க. வாங்கற செலவைப் பத்தி எல்லாரும் கேக்கறீங்க. வாங்கின ரெண்டாவது வருஷம் கதவைத் தட்டாம உள்ள வர்ற ஒரு செலவைப் பத்தி யாரும் கேக்கறதில்லை. அதுதான் ஏசிக்குள்ள பிடிக்கிற பூஞ்சை. நம்ம வீட்டுப் பெரியவங்க பாஷையில பூசணம்.

அறிகுறி என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆன் பண்ணின முதல் ரெண்டு நிமிஷம், துவைக்காத ஈர சாக்ஸ் மாதிரி ஒரு வாடை. அப்புறம் மூக்கு பழகிடும், நாமளும் மறந்துடுவோம். காத்து வெளிய வர்ற பட்டையில மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தா கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ள பார்த்தா, உருளை மாதிரி சுத்துற ப்ளோயர்ல கறுப்பு அப்பியிருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பிரச்சினைக்காக நம்ம ஆளுங்க செலவு பண்ற பணத்துல பெரும்பகுதி தப்பான இடத்துக்குப் போகுது. தடுக்கிறதுக்கு ஆகிற செலவு மாசம் 200 ரூபாய்க்குள்ளதான். ஏசி வாங்கற அன்னிக்கே அந்த 200 ரூபாயையும் சம்பளத்திலிருந்து தனியா எடுத்து வைக்க முடியலைன்னா, உங்க ஏசி பட்ஜெட் இன்னும் முழுசா போடப்படலைன்னு அர்த்தம்.

கார்ட்டன் பாக்ஸுக்குக் காட்டுற அக்கறை

நம்ம பக்கம் பூஞ்சைன்னா என்னன்னு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பூர், ஊத்துக்குளி, அவிநாசி சுத்துவட்டாரத்துல பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு மாசம் வேலை பார்த்திருந்தாலே போதும். அயர்ன் பண்ணின துணியை சூட்டோட பாலிபேக்ல போடக் கூடாது. ஈரப்பதம் பார்க்கிற மீட்டரை வெச்சு செக் பண்ணணும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடணும். கார்ட்டனைத் தரையிலயோ சுவத்தை ஒட்டியோ அடுக்கக் கூடாது. இதெல்லாம் பையர் எழுதிக் கொடுத்த விதி.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பருத்திக்கு ஈரத்தை இழுக்கிற குணம் இயல்பாவே உண்டு. உலர்ந்த எடையில 8.5 சதவீதம் ஈரம் இருக்கும்னு வெச்சுதான் பருத்தி நூல் வியாபாரத்துல கணக்கே போடறாங்க. அந்த ஈரம் கன்டெய்னருக்குள்ள பகல்ல ஆவியாகி, ராத்திரி தகரக் கூரை குளிர்ந்ததும் தண்ணியா மாறி பெட்டி மேலேயே சொட்டும். கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள துணியில பூஞ்சை. அப்புறம் கிளைம், டெபிட் நோட், டிஸ்கவுன்ட்னு கணக்குல வந்து நிக்கும். ஒரு பாக்கெட் சிலிக்கா ஜெல் செலவை மிச்சம் பிடிச்சு ஒரு ஷிப்மென்ட் லாபத்தை விட்டா, எந்த முதலாளியும் சும்மா இருக்க மாட்டார்.

அதே கம்பெனியில மெர்ச்சன்டைசராவோ, கியூசியாவோ, அக்கவுன்ட்ஸ்லயோ வேலை பார்க்கிற நாம, ரூமுக்கு வந்து ஏசி போடும்போது அந்த விதியை மறந்துடறோம். கன்டெய்னர் கூரையில நடக்கிற அதே விஷயம்தான் ஏசிக்குள்ளயும் தினமும் நடக்குது.

உள்ள என்ன நடக்குது?

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வர்றதில்லை. ரூம்ல இருக்கிற காத்தையே இழுத்து, குளிர்ந்த காயில் மேல ஓட விட்டு, திரும்ப அனுப்புது. ஐஸ் வாட்டர் டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரி, அந்தக் காயில் மேலயும் காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா படியும். அது கீழ இருக்கிற ட்ரேயில விழுந்து பைப் வழியா வெளிய போகும். ஏசி ஓடும்போது வெளிய சொட்டுதே, அந்தத் தண்ணி.

காலையில ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு வேலைக்குக் கிளம்பிடறோம். காயில் நனைஞ்சே இருக்கு. ட்ரேயில கொஞ்சம் தண்ணி நிக்குது. உள்ள இருட்டு, காத்தோட்டம் கிடையாது. மேல படிஞ்ச தூசிதான் சாப்பாடு. நனைஞ்ச பொருளை 24-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வெச்சுட்டா பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காதுன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. நம்ம ஏசி காயிலுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கிறதில்லை. காயறதுக்குள்ள மறுபடியும் ராத்திரி ஆகிடுது.

நம்ம ஊர்ல கூடுதலா ஒரு விஷயம் இருக்குங்க. நிறைய பேர் வீட்டுக்குப் பக்கத்துலயே நிட்டிங் யூனிட், செக்கிங் யூனிட், காஜா பட்டன் யூனிட் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது சட்டையிலயே பஞ்சு ஒட்டிட்டு வரும். அந்தப் பஞ்சுத் தூசி ஏசி ஃபில்டரை சீக்கிரமா அடைக்கும். ஃபில்டரைத் தாண்டி உள்ள போனது ஈரக் காயில்ல ஒட்டிக்கும். பஞ்சுன்னா செல்லுலோஸ். பூஞ்சைக்கு அது விருந்து. அதனால "மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் கழுவுங்க"ன்னு மேனுவல்ல போட்டிருந்தா, நம்ம பக்கம் 15 நாளுக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோங்க.

சீசனும் சேர்ந்துக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில காத்துல ஈரம் அதிகம். அப்ப ஏசியை அப்படியே நிறுத்தி வெச்சுடறோம். கடைசி நாள் ஓடின ஈரம் உள்ளயே இருக்கும். மார்ச் மாசம் முதல் வெயிலுக்கு ஆன் பண்ணும்போதுதான் அந்த வாடை மூஞ்சியில அடிக்கும். உடனே மெக்கானிக்குக்கு ஃபோன். அதே வாரம் ஊர்ல எல்லாரும் ஃபோன் பண்ணுவாங்க. ரேட் ஏறும், வேலைத் தரம் இறங்கும்.

பணம் வீணாகிற நாலு இடம்

முதல் இடம், கேஸ். "வாடை வருதா? கூலிங் கம்மியா? கேஸ் கம்மியாயிருக்கும், ஃபில் பண்ணிடலாம்." இந்த வசனத்தைக் கேட்டதும் உஷாராகுங்க. ஏசிக்குள்ள இருக்கிற கேஸ், பைக் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்றது இல்லை. அது மூடின குழாய்க்குள்ளேயே சுத்திட்டு இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கயோ லீக் இருக்கு. லீக்கைக் கண்டுபிடிச்சு அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா, அடுத்த வருஷம் அதே பில் மறுபடியும் வரும். கூலிங் குறைய இன்னொரு காரணம், அடைஞ்ச ஃபில்டரும் அழுக்குப் பிடிச்ச காயிலும். அதனால வரிசை இப்படி இருக்கணும்: முதல்ல கிளீனிங், அதுக்கப்புறமும் குளிர் வரலைன்னா கேஜ் மாட்டி பிரஷர் செக், குறைவா இருந்தா லீக் டெஸ்ட், கடைசியா கேஸ். இந்த வரிசையை மாத்துறவர்கிட்ட ஒரு "ஏனுங்க?" கேளுங்க.

ரெண்டாவது, வாசனை ஸ்ப்ரே. ஏசி வாய்க்குள்ள சென்ட் அடிச்சா பூஞ்சை அப்படியே இருக்கும், மல்லிகைப்பூ வாடையோட. வேற எதுவும் மாறாது.

மூணாவது, ஏர் ப்யூரிஃபையர். ஈரமும் பூஞ்சையும் ஏசிக்குள்ள இருக்கும்போது ரூம் மூலையில ஒரு மெஷின் வெச்சு காத்தைச் சுத்தம் பண்றது, குழாயை மூடாம தரையைத் துடைக்கிற வேலை. டெல்லி மாதிரி புகை மூட்டம் இருக்கிற ஊர்ல அதுக்கு வேற பயன் இருக்கு. ஏசி பூஞ்சைக்காக வாங்காதீங்க.

நாலாவது, படிக்காம கையெழுத்து போடற ஏஎம்சி. வருஷத்துக்கு ரெண்டு, மூணு 'வெட் சர்வீஸ்'னு போட்டிருக்கும். அதுல என்ன அடங்கும்னு கேளுங்க. ப்ளோயரைச் சுத்தம் பண்ணுவாங்களா, ட்ரேயைக் கழட்டிக் கழுவுவாங்களா, ட்ரெயின் பைப் அடைப்பு எடுப்பாங்களா? இந்த மூணுக்கும் எழுத்துல 'ஆமா' இல்லைன்னா, நீங்க வாங்கறது ஃபில்டர் கழுவற சேவை. அதை உங்க பாத்ரூம் குழாயிலேயே 5 நிமிஷத்துல பண்ணிக்கலாம். அப்புறம், 10 வருஷ வாரண்டின்னு பெருசா போட்டிருக்கிறது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். பூஞ்சை கிளீனிங்குக்கு எந்த வாரண்டியும் வராது.

ஒரு குறிப்பு: ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன மெக்கானிக் உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. சேவைத் தொழில்ல வருஷம் 20 லட்சம் வரை டர்ன்ஓவருக்குப் பதிவு கட்டாயமில்லை. பில்லுல 18 சதவீதம் போட்டா ஜிஎஸ்டி நம்பரும் அதுல இருக்கணும்.

சரி, உண்மையான கணக்கு என்ன?

கீழ இருக்கிற ரேட் எல்லாம் உதாரணம். உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

சாதாரண சர்வீஸ் வருஷத்துக்கு 2 தடவை, தடவைக்கு 700 ரூபாய்: 1,400 ரூபாய். ப்ளோயர், ட்ரே வரைக்கும் கழட்டிப் பண்ற டீப் கிளீனிங் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 1,500 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 750. மொத்தம் 2,150 ரூபாய். மாசத்துக்கு வகுத்தா ஏறக்குறைய 180 ரூபாய்.

பத்து வருஷத்துக்கு இது 21,500 ரூபாய். 38,000 ரூபாய்க்கு வாங்கற ஏசிக்கு, அதோட விலையில பாதிக்கும் மேல! ஷோரூம்ல யாராவது இதைச் சொன்னாங்களா? இஎம்ஐ அட்டவணையில இது இருக்கா? கரன்ட் பில்லையாவது எல்லாரும் யோசிக்கிறோம், இதை யாரும் யோசிக்கிறதில்லை.

இதையும் பாருங்க. வரிக்கு முன்னாடி 32,000 ரூபாய் விலையுள்ள ஏசிக்கு, ஜிஎஸ்டி குறைஞ்சதால மிச்சமாகிறது 3,200 ரூபாய். நம்ம கணக்குல அது ஒன்றரை வருஷ பராமரிப்புச் செலவு. அந்தப் பணத்தை வெச்சு "ஒரு டன்னுக்குப் பதிலா ஒன்றரை டன் எடுத்துக்கலாம்"னு போயிடாதீங்க. சின்ன ரூமுக்குப் பெரிய ஏசி மாட்டினா, ரூம் சட்டுனு குளிர்ந்துடும். ஆனா காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற அளவுக்கு அது நேரமெடுத்து ஓடாது. குளிர்ச்சியும் இருக்கும், ஈரமும் இருக்கும். பூஞ்சைக்கு அது வசதி. கூடுதல் பணம் கொடுத்து கூடுதல் பிரச்சினை வாங்கின கதை.

இனி இலவசத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற தீர்வு. ஏசியை நிறுத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் 'ஃபேன்' மோடுல ஓட விடுங்க. கம்ப்ரஸர் ஓடாது, உள்ள இருக்கிற காத்தாடி மட்டும் சுத்தி காயிலைக் காய வைக்கும். சில மாடல்ல 'ஆட்டோ கிளீன்'னு ஒரு பட்டன் இருக்கும், அது அடிப்படையில இந்த வேலையைத்தான் பண்ணுது. செலவு எவ்வளவு? உள்காத்தாடி 50 வாட்னு வெச்சுக்கோங்க. தினமும் அரை மணி நேரம்னா மாசத்துக்கு முக்கால் யூனிட், வருஷத்துக்கு 9 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டாலும் வருஷத்துக்கு 72 ரூபாய். இதைவிட நல்ல ரிட்டர்ன் கொடுக்கிற மியூச்சுவல் ஃபண்டை நான் பார்த்ததில்லை.

கரன்ட் பில் கோணமும் இருக்கு. அடைஞ்ச ஃபில்டரை மாத்தினா ஏசி எடுக்கிற மின்சாரம் 5-லிருந்து 15 சதவீதம் வரை குறையலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. நம்ம வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல ஸ்லாப். ஏசி இல்லாம 120 யூனிட், ஏசிக்கு 400 யூனிட்னு வெச்சா மொத்தம் 520. ஏசியில 10 சதவீதம் குறைஞ்சா 480. வித்தியாசம் 40 யூனிட்தான்னு நினைக்காதீங்க. 500-ஐத் தாண்டினா, 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்குக் கிடைக்கிற சலுகை ரேட்டும் போயிடும். ஒரு ஃபில்டர் கழுவினது, உங்களை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தலாம்.

வாடகை ரூம் ஏசி: யார் செலவு?

சம்பளம் வாங்க ஆரம்பிச்ச நிறைய பேர் இருக்கிறது வாடகை ரூம்லயோ, மூணு பேர் சேர்ந்து எடுத்த வீட்லயோதான். ஏசி ஓனரோடது. வாடை நம்மளோடது.

ஓனர்கிட்ட சொன்னா "நீங்கதானே யூஸ் பண்றீங்க"ம்பார். நாம "உங்க ஏசிதானே"ம்போம். ரெண்டு வருஷம் இப்படியே ஓடும். தமிழ்நாட்டுல 2017-ல கொண்டு வந்து 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கு. பராமரிப்பு யார் பொறுப்புன்னும் பிரிச்சுச் சொல்லுது. பொதுவா கட்டட அளவிலான பெரிய ரிப்பேர் ஓனர் பக்கம், அன்றாட சின்ன ரிப்பேர் குடியிருக்கிறவங்க பக்கம். ஆனா ஒப்பந்தத்துல தெளிவா எழுதிட்டா பாதி சண்டை வராது.

என் கருத்து: தினசரி சுத்தம், அதாவது ஃபில்டர் கழுவறதும் ஃபேன் மோடும் குடியிருக்கிறவங்க வேலை. டீப் கிளீனிங், ட்ரெயின் பைப், கேஸ் லீக், இதெல்லாம் ஓனர் செலவு. ஏன்னா அது அவரோட சொத்தோட ஆயுளைக் கூட்டுது. இன்னொரு காரணமும் இருக்கு. வாடகை வருமானத்தைக் கணக்குல காட்டுற ஓனருக்கு, வீட்டு வரி போக மீதியில 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் அப்படியே கழிச்சுக் கொடுக்குது. ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூட செலவு பண்ணலைன்னாலும் இந்தக் கழிவு உண்டு, பில் காட்ட வேண்டியதில்லை. மாசம் 8,000 ரூபாய் வாடகைன்னா வருஷத்துக்கு 96,000. வீட்டு வரியை விட்டுட்டுப் பார்த்தா கழிவு 28,800. அதுல 1,500 ரூபாய் ஏசிக்குப் போறது நியாயம்தான்னு மரியாதையாவே எடுத்துச் சொல்லலாம்.

ஒப்பந்தத்துல இந்த மாதிரி ஒரு வரி சேருங்க: "ஏசி ஃபில்டர் சுத்தம் வாடகைதாரர் பொறுப்பு, வருடாந்திர முழு சர்வீஸ், வாயுக் கசிவு மற்றும் வடிகுழாய் பழுது உரிமையாளர் பொறுப்பு." குடி வர்ற அன்னிக்கு ஏசி வாய்க்குள்ள டார்ச் அடிச்சு ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. பின்னாடி அட்வான்ஸ்ல பிடிக்கும்போது அந்த ஃபோட்டோ பேசும்.

இது வெறும் வாய்ச்சண்டை விஷயமும் கிடையாது. இங்கிலாந்துல ராச்டேல்ங்கிற ஊர்ல 2020 டிசம்பர்ல அவாப் இஷாக்னு ரெண்டு வயசுக் குழந்தை இறந்து போச்சு. அங்க இருந்தது ஏசி பூஞ்சை இல்லை, வாடகை ஃப்ளாட் சுவர் பூஞ்சை. பெற்றோர் திரும்பத் திரும்ப புகார் பண்ணியிருந்தாங்க. அந்தப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசிச்சதால வந்த பாதிப்புதான் மரணத்துக்குக் காரணம்னு 2022 நவம்பர்ல விசாரணை அதிகாரி சொன்னார். அதுக்கப்புறம் அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் வந்து, சமூக வீட்டு வசதி நிறுவனங்கள் ஈரம், பூஞ்சை புகாரைக் குறிச்ச நாளுக்குள்ள சரி பண்ணணும்னு 2025 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனாலதான் அந்த ஒரு வரி ஒப்பந்தம் முக்கியம்.

உடம்பும் இன்சூரன்ஸும்

நான் டாக்டர் இல்லை, அதனால இந்தப் பகுதியில அளந்துதான் பேசுவேன். வீட்டு ஈரமும் பூஞ்சையும் இருக்கிற இடத்துல மூச்சுத் தொந்தரவு, அலர்ஜி, ஆஸ்துமா அதிகமா இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2009-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இருக்கு. எல்லாருக்கும் வரும்னு அர்த்தமில்லை. குழந்தைங்க, ஏற்கனவே வீசிங் இருக்கிறவங்க, இவங்களுக்கு ஆபத்து அதிகம்.

அதே நேரம், "ஏசி ஆளைக் கொல்லும்"னு தம்ப்நெயில் போட்டு வர்ற வீடியோக்களைப் பார்த்து பயப்படாதீங்க. அதுல அடிக்கடி சொல்ற லீஜனேர்ஸ் நோய், 1976-ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல் ஒன்னுல வெளிப்பட்டது. அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. பெரிய கட்டடங்கள்ல தண்ணியை வெச்சுக் குளிர்விக்கிற கூலிங் டவர் மாதிரி இடங்கள்ல வளர்றது. நம்ம வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில கூலிங் டவரே கிடையாது.

என் துறைக்கு வர்றேன். இருமல், வீசிங்னு டாக்டரைப் பார்க்கறது, இன்ஹேலர் வாங்கறது, நெபுலைசர் வைக்கறது, இதுல பெரும்பாலானது அட்மிட் ஆகாம நடக்கிற சிகிச்சை. ஓபிடி கவர் இல்லாத பாலிசியில அந்தச் செலவு உங்க பாக்கெட்லிருந்துதான் போகும். அடுத்தது, ஆஸ்துமான்னு ஒரு தடவை எழுதப்பட்டா, புதுசா எடுக்கிற ஹெல்த் பாலிசியில அது ஏற்கனவே இருக்கிற நோய். அதுக்கான காத்திருப்பு காலம் அதிகபட்சம் 3 வருஷம்னு ஐஆர்டிஏஐ 2024-ல குறைச்சிருக்கு. முன்னாடி 4 வருஷமா இருந்துச்சு. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருக்கேன்னு சொல்வீங்க. வேலையை விட்டா அதுவும் போயிடும். நம்ம தொழில்ல ஆர்டர் குறைஞ்சா வேலை மாறறது எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும்.

இதுக்காக டாக்டர்கிட்ட போகாம இருக்கிறதோ, பாலிசி ஃபார்ம்ல மறைக்கிறதோ கூடவே கூடாது. மறைச்சா கிளைம் நேரத்துல அடி விழும். நான் சொல்றது ரெண்டு விஷயம். உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. ஏசி ஆன் பண்ணும்போதெல்லாம் தும்மல், இருமல் வந்தா அதை 'சில்னஸ்'னு தள்ளாம, ஏசியை டார்ச் அடிச்சுப் பாருங்க, டாக்டரையும் பாருங்க.

மெக்கானிக் பக்கமும் பேசணும்

"399 ரூபாய்க்கு ஏசி சர்வீஸ்"னு விளம்பரம் பார்த்து கூப்பிட்டுட்டு, பையன் 20 நிமிஷத்துல போயிட்டான்னு குறை சொல்றோம். அந்த 399-ல ஆப் கமிஷன், பெட்ரோல் போக அவர் கையில என்ன நிக்கும்? ஒரு நாளைக்கு பத்து வீடு ஏறினாத்தான் அவருக்குக் கட்டுப்படி ஆகும். ப்ளோயரைக் கழட்டி, பிரஷ் போட்டு, ட்ரேயைக் கழுவி, திரும்ப மாட்டறது அந்த நேரத்துக்குள்ள முடியற வேலை இல்லை. கேஸ் ஃபில்லிங்கை நம்ம தலையில கட்டுறதுக்கும் இந்த மலிவு ரேட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. சர்வீஸ்ல வராத வருமானத்தை எங்கயாவது எடுத்துதானே ஆகணும்?

அதனால, வேலை தெரிஞ்ச உள்ளூர் மெக்கானிக் ஒருத்தரைப் பிடிச்சு வெச்சுக்கோங்க. சீசன் இல்லாத டிசம்பர், ஜனவரியில கூப்பிடுங்க. அவருக்கும் அப்ப வேலை கம்மி, நிதானமா பண்ணுவார். சரியான கூலியைக் கொடுங்க. பேரம் பேசி 200 ரூபாய் குறைச்சா, அந்த 200 ரூபாய் வேலையும் குறையும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. ஏசி பேர்ல மாசம் 200 ரூபாய் ஒரு ஆர்டி போடுங்க. ரூம்ல மூணு பேர்னா ஆளுக்கு 70 ரூபாய்.

2. 15 நாளுக்கு ஒரு தடவை எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு, ஃபில்டரைக் கழட்டி, குழாய் தண்ணியில கழுவி, நிழல்ல நல்லா காய வெச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா கழுவினதே வீண்.

3. நிறுத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃபேன் மோடு. மழை சீசனுக்கு முன்னாடி ஏசியை நிறுத்தி வைக்கிற கடைசி நாள், ரெண்டு மணி நேரம்.

4. 18-ல வைக்காதீங்க. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் 24 டிகிரியிலதான் ஆன் ஆகணும்னு விதியே இருக்கு. 24-லிருந்து 26, கூட ஒரு சீலிங் ஃபேன். பில்லும் குறையும்.

5. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டுற மீட்டர் கிடைக்கும். ரூம்ல 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். தாண்டினா 'ட்ரை' மோடு போடுங்க. ரூமுக்குள்ள ஈரத் துணி காயப் போடறதை நிறுத்துங்க.

6. பூஞ்சை ஏற்கனவே அப்பியிருந்தா நீங்களே பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, ரூம் முழுக்கப் பறக்கும். கவர் கட்டி, தண்ணி பிரஷர்ல கிளீன் பண்ற ஆளைக் கூப்பிடுங்க. குழந்தை, வீசிங் இருக்கிறவங்க அந்த நேரம் ரூம்ல இருக்க வேண்டாம். ப்ளீச்சும் ஆசிடும் காயில் தகட்டை அரிச்சுடும். ரெண்டையும் கலந்தா விஷவாயு வரும்.

7. மெக்கானிக் வந்தா முன்னும் பின்னும் ஃபோட்டோ கேளுங்க. ப்ளோயர் ஃபோட்டோ கட்டாயம்.

ஷிப்மென்ட்டுக்குப் போற பெட்டியில ஈரம் இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்க்கிற கை, ராத்திரி எட்டு மணி நேரம் நாம மூச்சு விடற காத்துக்கும் ஒரு தடவை அதைச் செஞ்சா போதும். மாசம் 200 ரூபாய்க்கு இது நல்ல டீல்தானுங்க.

உங்க ஊர்ல டீப் கிளீனிங் என்ன ரேட், ப்ளோயரைக் கழட்டிப் பண்றாங்களான்னு கமெண்ட்ல எழுதுங்க. ரேட் நிறைய சேர்ந்தா, ஊர் வாரியா ஒப்பிட்டு ஒரு வீடியோ போடறேன். இந்தக் கட்டுரையை ரூம்மேட்டுக்கு அனுப்புங்க. ஓனருக்கும் அனுப்பலாம், தப்பில்லை!